பேசவும்

மருதங்கண்மாய்,
18-5-2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

பாரதி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று சிரிப்பாய். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார். "சாப்ட்டியா, இன்னா கொழம்பு" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. ஷூ கம்பெனியில் நம் நான்காம் லைனில் வாய் திறந்தால் சூப்பர்வைசர் இஷ்தியாக் பாய் கண்ணை உருட்டுவார் என்று, ட்ரேயில் தைக்க வைத்திருக்கும் ஷூ மேல்தோல்களுக்கு அடியில் சீட்டு வைத்து உன் பக்கம் தள்ளுவேனே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சீட்டில் பேசியே சிநேகிதிகள் ஆனோம். "எங்க அண்ணனைக் கட்டிக்கிறியா?" என்று உன்னைக் கேட்டதும் ஒரு சீட்டில்தான். அதனால் முக்கியமானதெல்லாம் இனிமேலும் காகிதத்திலேயே போகட்டும்.

எனக்குச் சர்க்கார் வேலை கிடைத்த இந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு கோடியில் இருக்கிறது. எங்களுடையது பாசனப் பிரிவு அலுவலகம். கண்மாய்க் கரை, மடை, மராமத்து இவைதான் இங்கே சங்கதி. எனக்குத் தபால் மேஜை கொடுத்திருக்கிறார்கள். வருகிற கடிதங்களைப் பிரித்து, 'பெறப்பட்டது' என்று தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, அந்தந்த மேஜைக்குக் கொடுக்க வேண்டும். உறையைக் கிழித்து எறியக் கூடாதாம். எந்த ஊரில், என்றைக்குத் தபாலில் சேர்த்தது என்று அஞ்சல் முத்திரையைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டுமாம். நம் லைனில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ட்ரேயைக் காலி பண்ணுகிற மாதிரி, பதினொரு மணிக்கே எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்.

பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. எங்கள் கண்காணிப்பாளர் கோபி சாரிடம் போய், "வேற வேலை இருக்கா சார்?" என்று கேட்டேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அதான் வேலையப் பாத்துட்டேல்ல? பேசாம உக்காருத்தா" என்றார்.

உட்கார்ந்தேன் அண்ணி. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன்.

என் மெஷினில் இப்போது யார் உட்காருகிறார்கள்? அதன் மிதியை லேசாக இடது பக்கம் அழுத்தினால்தான் நூல் அறுந்துபோகாது, புதிதாக வருபவர்களுக்கு அது தெரியாது. யாரையும் உட்கார விடாதே என்று சொன்னால் சிரிப்பாய். ஆனாலும் சொல்கிறேன், விடாதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் நாத்தனார்,
பாரதி


ஆம்பூர்,
1-6-2025, ஞாயிறு

அன்புள்ள பாரதிக்கு,

மோகனா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. வடியாமல் என்ன செய்யும்? "எம் பொண்ணு கவுர்மெண்ட்டு ஆபீசு" என்று தெரு தெருவாகப் போய்ச் சொல்லியே கால் சரியாகிவிட்டது. காய்காரரிடம்கூடச் சொல்லிவிட்டு வந்துதான் பேரம் பேசுகிறார்கள்.

உன் மெஷினில் யாரும் இல்லை. புதிதாக வந்த ஆஃப்ரீனை இஷ்தியாக் பாய் அங்கே உட்கார வைத்தார். நான் முறைத்தேன். பாய் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, நீ அந்தாண்ட போய் உக்காரு" என்று அந்தப் பெண்ணை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். சனிக்கிழமை சனிக்கிழமை நானே எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன். பாய்க்கும் உன்னை நினைத்துப் பெருமைதான். "நம்ம லைன் பொண்ணு சர்க்கார் நாற்காலில உக்காந்துகீது" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அடுத்த வாரம் பக்ரீத். அவர் வீட்டிலிருந்து பிரியாணி வரும், உன் பங்கையும் நானே சாப்பிடுவேன்.

சும்மா உட்காரச் சொன்னதற்கா மூஞ்சியைத் தூக்குகிறாய்? எட்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும், திங்கட்கிழமை வேலை உண்டா என்று பாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போனோம். ஆர்டர் கம்மியானால் முதலில் நிற்கப்போவது காண்ட்ராக்ட்டில் இருக்கும் நாம்தான் என்று நமக்குத் தெரியும். உனக்கு இனிமேல் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதை நினைத்தால் எனக்கு இங்கே நெஞ்சு குளிர்கிறது. கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார், ஒன்றும் குறைந்துவிடாது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி,
மோகனா


மருதங்கண்மாய்,
29-6-2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே வெயிலைத் தவிர எல்லாம் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று உன் கடிதத்தின் கிண்டலிலேயே தெரிகிறது.

நான் அலுவலகத்தில் அசடு வழிந்த கதையைச் சொல்கிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. தபாலோடு மராமத்து பைல்களையும் என்னிடம் கொடுத்தார்கள். நான் குறிப்பு எழுதி கோபி சாருக்கு வைப்பேன். அவர் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். எல்லா பைலிலும் அதே வார்த்தை. சரி, பேசச் சொல்கிறார் என்று ஒரு அடுக்கு பைலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன். "பேச வந்திருக்கேன் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. டீ வருகிற வரைக்கும் சிரித்தார்கள். பிறகு டைப்பிஸ்ட் அக்காதான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்மா, பேசவும்னா பேசக் கூடாது. அந்த பைலு கொஞ்ச நாளு தூங்கட்டும்னு அர்த்தம்."

இது எப்படி இருக்கிறது? நம் லைனில் ஒரு தையல் தப்பினால் பாய் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார். அதைப் பிரித்துச் சரி பண்ணிக் கொடுக்காமல் நாம் டீக்குப் போக முடியுமா?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இப்போது தினமும் காலையில் பைல்களைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறேன். அவர் பேப்பர் படித்தால் படித்து முடிக்கிற வரைக்கும் நிற்பேன். நின்று நின்று இரண்டு பைல் நகர்ந்தது. ஒன்று ஒரு மடைக் கதவு, அது உடைந்து நாலு வருஷமாகிறதாம். ஆனால் என் மேஜை காலியாகக் காலியாக மற்றவர்கள் மேஜை நிரம்புகிறதாம். அதனால் மத்தியானம் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தபால் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறேன். நீ கொண்டு வரும் கத்திரிக்காய்த் தொக்கு கண் முன்னால் வருகிறது.

என் மெஷின் எப்படி இருக்கிறது?

பாரதி


ஆம்பூர்,
20-7-2025, ஞாயிறு

அன்புள்ள பாரதிக்கு,

நலம், நலமே விழைகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்ததில், உங்க அண்ணன் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இங்கே ஓவர்டைம் பெண்டு கழட்டுகிறது. அமெரிக்காக்காரன் என்னவோ வரி ஏற்றப் போகிறானாம். அதற்குள் சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்று முதலாளிகள் பேயாகப் பறக்கிறார்கள். "இந்த ஆர்டர் முடியட்டும் மோகனா, அப்புறம் தூங்கிக்கலாம்" என்கிறார் பாய். உன் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

கூப்பிடவில்லை என்று நீ ஏன் தனியாகச் சாப்பிடுகிறாய்? நானும் உன்னிடம் முதல் வாரம் பேசவில்லை, நீயாகத்தானே என் டிபன் பாக்ஸில் கையை விட்டாய். அந்தக் கை இப்போது எங்கே போயிற்று? ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவரச் சொல்லி பார்சல் போட்டிருக்கிறேன். நீயே தின்றுவிடாதே. முதலில் கோபி சாருக்குக் கொடு, அப்புறம் மற்றவர்களுக்கு. வாயில் இனிப்பு இருக்கும்போது யாரும் கடுகடுவென்று இருக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மோகனா


மருதங்கண்மாய்,
24-8-2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். உங்கள் சுகமறிய ஆவல். அம்மாவை வேலூரில் கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டதா?

மக்கன் பேடா வேலை செய்தது. டைப்பிஸ்ட் அக்கா இப்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். கோபி சார் டப்பாவையே தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பேடா தின்கிறபோது அவராகவே பேச ஆரம்பித்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் என்னைப் போலத்தானாம். ஒரு மழைக்காலத்தில் கரை உடையப் போகிறது என்று ஊர்க்காரர்கள் வந்து அழுதிருக்கிறார்கள். இவர் ஒரே நாளில் பைலை ஓட்டி, மேலதிகாரியிடம் வாயால் உத்தரவு வாங்கி, மணல் மூட்டைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கரை நின்றது. பிறகு தணிக்கையில், எழுத்தில் உத்தரவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சொன்ன அதிகாரி, நான் சொல்லவே இல்லை என்றுவிட்டார். இவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை. பதவி உயர்வு வருஷக்கணக்கில் நின்றுபோனது. "பைலை நிறுத்துனதுக்காக எவனும் என்னைய ஏன்னு கேட்டதில்ல தாயி. நகத்துனதுக்குத்தான் கேட்டாய்ங்க" என்றார். அன்றைக்கு எழுத ஆரம்பித்ததுதான் அந்தப் 'பேசவும்'.

அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அவர் சோம்பேறி என்றிருந்தால் நான் அவரைப் போல ஆக மாட்டேன் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். அவரும் ஓடி ஓடி வேலை பார்த்தவர்தான் என்று தெரிந்த பிறகு, எனக்கு இங்கே உட்கார முடியவில்லை. வேலை போகாது என்கிறார்கள். வேலை போகாது, சரி. நான் போய்விடுவேன் போலிருக்கிறதே அண்ணி.

ராஜினாமா பண்ணிவிட்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். லைனில் நாளைக்கு வேலை உண்டோ இல்லையோ, இன்றைக்குத் தைத்தது ஷூவாகிக் கப்பலேறிப் போகும். என் மெஷின்தான் காலியாக இருக்கிறதே. பாயிடம் நீ ஒரு வார்த்தை சொல்லி வை.

பாரதி


ஆம்பூர்,
10-9-2025, புதன்

அன்புள்ள பாரதிக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறார்கள்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, உடனே எழுத முடியவில்லை. வேலை ஜாஸ்தி. என் எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, விரலில் முள் குத்தி வீங்கியிருக்கிறது. விடிவதற்கு முன்னாலேயே மயில் கத்தி எழுப்பிவிடுகிறது, தூக்கமும் பற்றவில்லை.

பாயிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் ஏதோ பேஜாரில் இருக்கிறார், சமயம் பார்த்துச் சொல்கிறேன். நீ அவசரப்படாதே. எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. கோபி சார் கதையைக் கேட்டு எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்காக நீ அவரைப் போல ஆகிவிடுவாய் என்று யார் சொன்னது? உன் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நவராத்திரிக்குச் சுண்டல் செய்து சாப்பிடு.

மோகனா


மருதங்கண்மாய்,
28-9-2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உன் விரல் ஆறியதா? மெஷினில் ஊசி குத்தும், முள் எங்கே குத்தியது?

உன் கடிதம் இந்தத் தடவை ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. என் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வருவது உனக்குப் பிடிக்கவில்லையோ என்று இரண்டு நாள் மனசு கசந்தது. நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று பிறகு நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். ராஜினாமாவை எழுதி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மூன்றாம் தேதி கோபி சாரிடம் கொடுப்பேன். அவர் மேலே அனுப்ப வேண்டும். அதிகாரி ஏற்றுக்கொண்டதும் பஸ் ஏறிவிடுவேன். அண்ணனிடமும் அம்மாவிடமும் நான் வந்து நின்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம். அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்களே என்பதுதான் உறுத்துகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம், இஷ்தியாக் பாய் தன் கைக்காசில் பொரிப் பொட்டலம் வாங்கித் தருவார். இந்த வருஷம் என் மெஷினுக்கு நீ வைத்துவிடு. அது என்னை மறந்துவிடக் கூடாது.

பாரதி


ஆம்பூர்,
8-10-2025, புதன்

அன்புள்ள பாரதிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமைதான் என் கைக்கு வந்தது. அதற்குள் மூன்றாம் தேதி போய்விட்டது. கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. பொங்கல் வரைக்குமாவது பொறு. ஏன் என்று கேட்காதே, அண்ணி சொல்கிறேன், பொறுத்துக்கொள். போன் பண்ணத்தான் எடுத்தேன். குரல் வராது என்று வைத்துவிட்டேன்.

உன் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன். சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. பொரியும் படைத்தேன். அது உன்னை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. நீ வருவது எனக்குப் பிடிக்காதா பாரதி? அப்படி நினைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

மோகனா


[மேலே உள்ள கடிதமே திரும்பி வந்தது. அதன் ஓரத்தில், பென்சிலில்:]

15-10-2025

உறையில் அஞ்சல் முத்திரை: ஒடுகத்தூர். போன மாதக் கடிதத்திலும் ஒடுகத்தூர். அப்போது உன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாய் என்று விட்டுவிட்டேன். இரண்டு கடிதமும் எழுதியது புதன்கிழமை. நம் கம்பெனியில் புதன்கிழமை உட்கார்ந்து கடிதம் எழுத விடுவார்களா? நம் தெருவில் மயில் ஏது?

பேசவும்.

– பா.


ஒடுகத்தூர்,
26-10-2025, ஞாயிறு

அன்புள்ள பாரதிக்கு,

இந்தத் தடவை ஊர்ப்பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேன். மழைக்காலம், லீவு இல்லை, கண்மாய்க்கரையில் ராத்திரி டியூட்டி என்று தீபாவளிக்கும் வராமல் போய்விட்டாய். நீ அங்கே நனையாமல் இருக்கிறாயா? தலையைத் துவட்டு, சளி பிடித்துக்கொள்ளும்.

தபால் மேஜையில் இருப்பவளிடம் தபாலில் பொய் சொன்னேன் பார், என்னை எதால் அடிப்பது? எனக்கு அது தோன்றவே இல்லை பாரதி.

பேசுகிறேன். நான்காம் லைன் ஆகஸ்ட் கடைசியில் நின்றுவிட்டது. வரி ஏறியதும் ஆர்டரை நிறுத்திவிட்டார்களாம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாய் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "திங்கக்கெழமை வர வாணாம்மா. கூப்ட்டா வாங்க" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் அவரையும் நிறுத்தினார்கள். அத்தனை பேர் நின்றோம், ஏன் என்று ஒரு வாய் கேட்கவில்லை. கேட்டால், மறுபடி ஆள் எடுக்கும்போது நம்மைக் கூப்பிட மாட்டார்களே என்று எல்லோருக்கும் பயம். நானும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தேன். அதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

உங்க அண்ணன் ஆட்டோ ஓட்டத்தில் வீடு நடக்கிறது. நான் திங்கள் முதல் சனி வரை இங்கே எங்க அம்மா வீட்டில் இருந்துகொண்டு கூலிக்குப் போகிறேன். முதலில் களை எடுத்தோம், இப்போது கடலை பிடுங்குகிறோம். சனி ராத்திரி மாதனூர் வழியாக பஸ் பிடித்து ஆம்பூர் வந்துவிடுவேன். இந்த வாரம் மழையில் மாட்டிக்கொண்டேன். உங்க அண்ணனுக்குப் பொய் வராது. அதனால்தான் உன்னோடு பேசும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அவர் கையைக் கிள்ளிக்கொண்டே இருப்பேன். அந்தக் கையைப் பார்த்தால் உனக்கே பாவமாக இருக்கும்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். சொன்னால் நீ அந்த நிமிஷமே ராஜினாமாவைக் கிழித்துவிடுவாய். கிழித்துவிட்டு, அண்ணி வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே என்று முப்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். கோபி சார் பயத்தால் உட்கார்ந்தார். நீ எங்களால் உட்கார்ந்தாய் என்று ஆகக் கூடாது. சொல்லாவிட்டாலோ, வேலையை விட்டுவிட்டு இல்லாத லைனுக்கு வந்து நிற்பாய். வா என்று எழுதவும் கை வரவில்லை, வராதே என்று எழுதவும் வரவில்லை. அதனால் மயிலைப் பற்றி எழுதினேன்.

இப்போதும் அதையேதான் சொல்கிறேன். எங்கள் சோற்றுக்காக நீ அங்கே உட்காரக் கூடாது. எனக்குக் கை இருக்கிறது. கொடுத்துவிட்டாய் என்றால் வா, கடலைக் கொல்லையில் உனக்கும் ஒரு வரிசை போடச் சொல்கிறேன், இங்கே பேசிக்கொண்டே வேலை செய்யலாம். கொடுக்கவில்லை என்றால் நீயே யோசித்து முடிவெடு.

உன் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன் என்றது முழுப் பொய் இல்லை. பாயை நிறுத்துவதற்கு முன்னாலேயே மெஷின்களை மூடிக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். நான் பாயிடம் போய், "பாரதி மெஷின்ல இருந்து எதுனா ஒண்ணு குடுங்க பாய்" என்று கேட்டேன். அவர் கேட்டில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, அடிநூல் சுற்றி வைக்கிற குட்டி பாபின் கேஸைக் கழற்றி என் கையில் வைத்து மூடினார். "எட்த்துனு போ. இதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." ஆயுத பூஜைக்கு அம்மா வீட்டில் களைக்கொத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துத்தான் பொட்டு வைத்தேன். இந்த உறைக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். நேற்றுக்கூட எண்ணெய் போட்டேன்.

உன்னிடம் மறைத்ததற்கு என்ன வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

மோகனா


மருதங்கண்மாய்,
2-11-2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

சளி பிடித்திருக்கிறது. நீ சொன்னால் அது உடனே வந்துவிடுகிறது. மற்றபடி சுகம். அண்ணன் கைக்கு மஞ்சள் பற்றுப் போடு. இஷ்தியாக் பாய் இப்போது என்ன செய்கிறார், விசாரித்து எழுது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முத்திரை குத்தப் பிரித்தவள், தபால் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். டைப்பிஸ்ட் அக்கா வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

ராஜினாமாவை மூன்றாம் தேதியே கொடுத்துவிட்டேன் அண்ணி. உனக்கு எழுதவில்லை. திங்கட்கிழமையே அது என் மேஜைக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில் என்ன எழுதியிருக்கும் சொல் பார்க்கலாம். அதேதான். எல்லா பைலுக்கும் போய் நின்றவள் இதற்கு மட்டும் போகவில்லை. பேசினால் மனசு மாறிவிடுமோ என்று பயம். அப்படியே அவர் ட்ரேயில் வைத்துவிட்டு, மேலே போயிருக்கும், உத்தரவு வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "பேச வந்திருக்கேன் சார்."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்" என்று இழுப்பறையைத் திறந்தார். உன் மக்கன் பேடா டப்பா. அதற்குள், நாலாக மடித்து, என் ராஜினாமா.

"மேல அனுப்பலையா சார்?"

"பயந்துக்கிட்டு நிறுத்துன பைலு இந்த பீரோ நெறைய கெடக்கு தாயி. வேணும்னே நிறுத்துனது இது ஒண்ணுதான்."

நான் திரும்பவும் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போறதுன்னா இப்பவே அனுப்பிர்றேன். நீ தெனமும் வந்து நிக்கிறது மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. இப்ப நீ நிக்காட்டி என்னைய யாரு கேப்பா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. அந்த மனுஷருடைய தாமதத்தை எத்தனை கடிதத்தில் திட்டியிருக்கிறேன்! அதுதான் என் வேலையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கிழித்துவிட்டேன் அண்ணி. யாருக்காக என்று சண்டைக்கு வராதே, சொல்கிறேன். உங்கள் சோற்றுக்காக இல்லை. அத்தனை பேர் வரிசையாக நின்றும் ஏன் என்று ஒரு வாய் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான். நம் இரண்டு பேரில், ஏன் என்று கேட்டாலும் வெளியே அனுப்ப முடியாத ஒரு இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஓடி வரப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது. இங்கே உட்கார்ந்து கேட்காமல் இருந்தால்தான் நான் கெட்டுப்போவேன். கேட்டுக்கொண்டே இருந்தால் கோபி சார்கூட நகர்வார் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்று பைலில் 'பேசவும்' இல்லாமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தணிக்கைக்கு நீதான் பதில் சொல்லணும் என்று என்னை மிரட்டினார். சொல்கிறேன் சார் என்றேன்.

இன்னொன்று. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பப் போகிறேன். அது என் வீடும்தான். இதைப் பற்றி மயில் கதை எதுவும் எழுதாதே. கடலை பிடுங்கி முடிந்ததும் நீ இங்கே வந்து ஒரு வாரம் என்னோடு இரு. கத்திரிக்காய்த் தொக்கு செய்து டைப்பிஸ்ட் அக்காவுக்கும் கொடுக்க வேண்டும்.

பாபின் கேஸ் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் எண்ணெய் பஞ்செல்லாம் ஊறி, அரசாங்கத் தபால் மூன்றில் கறை. என் மேஜையில் தேதி முத்திரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோபி சார் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னத்தா?" என்று கேட்டார்.

"என் மெஷின் சார்" என்றேன்.

உன் பாரதி